எக்ஸ்எம்எல்லா, ஸ்பிரிங் பூட்டா? கேட் பாஸ் அப்ளிகேஷனை மாற்றிய அனுபவம்

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடும் ஜாவா அப்ளிகேஷனைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பழையது சாதா ஸ்பிரிங், அதாவது ஜாவா அப்ளிகேஷன் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க். அது உருவாக்கி இணைக்கும் ஆப்ஜெக்ட்டுகளுக்கு பீன் என்று பேர்; எல்லா பீனும் எக்ஸ்எம்எல் ஃபைலில் கையால் எழுதியது. போன வருஷம், இந்த வேலையில் பெரும்பகுதியைத் தானாகவே செய்யும் ஸ்பிரிங் பூட்டுக்கு மாற்றினேன்.

புதிதாகத் தொடங்க பூட் சுலபம். 2014-இல் 1.0 வந்ததிலிருந்தே அதற்கு அந்தப் பேர் உண்டு. ஹைபர்னேட், ஜாக்சன் என்று ஒவ்வொரு லைப்ரரி ஜாருக்கும் பொருத்தமான வெர்ஷனைத் தேடும் வேலையும் மிச்சம். 3.0-க்குப் போகும்போது மட்டும் ஜாவா 17 வேண்டும், கோடில் ஜாவா ஈஈ லைப்ரரிகளின் ஜாவாக்ஸ் இம்போர்ட்டுகளை ஜகார்த்தா என்ற புதுப் பெயருக்கு மாற்ற வேண்டும்.

எனக்கு முக்கியம், கோளாறு வந்தால் காரணம் கிடைக்குமா என்பதுதான். பூட் எல்லாவற்றையும் தானாகச் செய்கிறதே, உள்ளே நடப்பது எப்படித் தெரியும் என்று நானும் பயந்தேன்.

ஒரு ராத்திரி கேட்டிலிருந்து போன். "அண்ணே, பாஸ் வரல. ட்ரெய்லர் ரோடு வரைக்கும் நிக்குது." முப்பது செகண்ட் காத்தும் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்று லாக் முழுக்க, டேட்டாபேஸ் கனெக்ஷன்களை ஒரு பூலில் சேர்த்துவைத்துக் கொடுக்கும் ஹிக்காரி லைப்ரரியின் புலம்பல். பூல் அளவு 40 என்று செட்டிங்ஸ் வைக்கும் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் கொடுத்திருந்தேன், ஓடியதோ டீஃபால்ட் 10-இல். டெஸ்ட் சர்வரில் டீபக் போட்டு ஸ்டார்ட் செய்தேன். பூட் தானாகச் செய்யும் அமைப்புகளில் (ஆட்டோ கான்ஃபிகரேஷன்) எது சேர்ந்தது, எது சேரவில்லை, ஏன் என்று ஒரு ரிப்போர்ட் வரும். அதில் சேராதவற்றைச் சொல்லும் 'நெகட்டிவ் மேட்சஸ்' பகுதியிலேயே பதில் இருந்தது: டேட்டாபேஸ் கனெக்ஷன் தரும் டேட்டாசோர்ஸ் பீன் ஏற்கெனவே இருப்பதால் பூட் தன்னுடையதை உருவாக்கவில்லை. பாஸ்வேர்டைத் தனி ஃபைலிலிருந்து எடுக்க முந்தின வாரம் நான் எழுதிய பீன் அது. அந்த 40 அதில் பைண்ட் ஆகவே இல்லை, அதாவது போய்ச் சேரவே இல்லை. ஃபைலில் உள்ள மதிப்புகளை பீனில் சேர்க்கும் கான்ஃபிகரேஷன் ப்ராப்பர்ட்டீஸ் அனோட்டேஷனைச் சேர்த்ததும் வண்டிகள் நகர்ந்தன.

எக்ஸ்எம்எல்லில் எழுதியிருப்பதுதான் ஓடும், ஒளிவுமறைவே இல்லை என்பார்கள். பாதி உண்மை. இரண்டு ஃபைலில் ஒரே ஐடியில் பீன் இருந்தால், கடைசியாக லோடானது சத்தமில்லாமல் முந்தையதை அமுக்கிவிடும். பூட் 2.1 முதல், நாமாக அனுமதிக்காவிட்டால், ஒரே பெயரில் இரண்டு பீன் வந்தால் அப்ளிகேஷன் ஸ்டார்ட்டே ஆகாது. ராத்திரி போனை எடுப்பவனுக்கு இது பெரிய உதவி.

குவார்க்கஸ் என்ற இன்னொரு ஜாவா ஃபிரேம்வொர்க், பீன்களை இணைக்கும் இந்த வேலையில் பெரும்பகுதியை, அப்ளிகேஷன் ஓடுவதற்கு முன்பே, பில்ட் நேரத்திலேயே முடித்துவிடுகிறது. அதில் ஒரு சின்ன சர்வீஸ்தான் எழுதியிருக்கிறேன், சட்டென்று ஸ்டார்ட் ஆனது. வருஷக்கணக்கில் வைத்துப் பராமரித்தவர்கள்தான் மேற்கொண்டு சொல்ல வேண்டும்.

யார்டின் எடைமேடை அப்ளிகேஷன் இன்னும் எக்ஸ்எம்எல்லில் ஓடுகிறது. அடுத்து அதையும் பூட்டுக்கு மாற்றப் போகிறேன்.