தடம் பிடிக்கும் டாபர்மேனும் வெடிபொருள் தேடும் லாப்ரடாரும்
தமிழ்நாட்டின் மாவட்டக் காவல் துறை மோப்ப நாய்ப் பிரிவுகளில், குற்றவாளியின் தடம் பிடிக்க டாபர்மேனும் வெடிபொருள் தேட லாப்ரடாரும் நெடுங்காலமாகப் பழக்கப்பட்டு வருகின்றன. திருட்டு நடந்த வீட்டில் பீரோக் கைப்பிடியை முகர்ந்து கிளம்பும் டாபர்மேன், மனித வாடை மழையிலும் கூட்டத்தின் காலடியிலும் கலைந்துவிடுவதால், சிறிது தூரம் ஓடி யாரையும் கவ்விப் பிடிக்காமல் நின்றுவிட்டதாகவே நாளிதழ்களில் அடிக்கடி செய்தியாகிறது. குறை நாயிடம் அல்ல, காவலர் வருமுன்னே அறைக்குள் புகுந்துவிடும் அக்கம்பக்கத்தாரிடம்தான் என்பேன். லாப்ரடாரோ, வெடிபொருளின் வாடையைக் கண்டதும் குரைக்காமலும் காலால் பிறாண்டாமலும் அப்படியே உட்கார்ந்துவிடப் பழக்கப்பட்டது. கையாளும் காவலருக்கு முன்னதில் நீண்ட வாரைப் பிடித்தபடி ஓடும் கால்வலு தேவை. பின்னதில், ஒன்றும் கிடைக்காத சோதனைகளிலும் நாயின் ஆர்வம் குன்றாமல் காக்கும் பொறுமை தேவை. பிரமுகர் வருகையும் ரயில் நிலையச் சோதனையும் மிகுந்த மாவட்டத்தால் ஒரு நாயை மட்டுமே வாங்க இயலுமெனில், லாப்ரடாரையே பரிந்துரைப்பேன்.