கோத்தகிரிச் சரிவுக்கு வீட்டு வானிலைமானி வாங்கலாமா?

ஒரே தண்டில் மூன்று கிண்ணக் காற்றுமானி, காற்றின் திசைகாட்டி, மழைமானி, வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் கூண்டு. வீட்டுக்குள் ஒரு திரை. சுமார் ரூ.15,000-க்குக் கிடைக்கும் இந்த வகை செட்டை நீலகிரியின் கிழக்குச் சரிவில் வைப்பவர்கள் முதலில் சொல்லும் குறை, திசை தப்பாகக் காட்டுகிறது என்பது. பெரும்பாலும் கருவி சரியாகத்தான் காட்டுகிறது.

ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று தொட்டபெட்டா (2,637 மீ.) வரிசையைத் தாண்டியதும் சரிவை ஒட்டியே இறங்கிவிடாது. அலையாக எழுந்து விழும். அந்த அலைக்கு அடியில் காற்று சுருண்டு, தரையில் எதிர்ப்பக்கமாக ஓடும். மேலே மேகம் கிழக்கே போய்க்கொண்டிருக்க, திசைகாட்டி கீழைக்காற்று என்று சொல்லும். அதை நம்பாமல் கிளாம்பைத் தளர்த்தித் திருப்பிவிட்டால் அப்புறம் எந்தக் கணக்கும் உதவாது. வெயில் நாளில் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து சரிவில் ஏறிவரும் காற்றும் கீழைக்காற்றாகவே பதிவாகும்.

இந்த செட்டின் உண்மையான பலம் வேகம் அல்ல, வெப்பமும் ஈரப்பதமும் ஒன்றாகப் பதிவாவது. மேற்கே கூடலூர்ப் பக்கம் 1,000 மீட்டரில் மேகமாகும் காற்று, மழையைக் கொட்டிக்கொண்டே 2,200 மீட்டருக்கு ஏறினால் கிலோமீட்டருக்கு 5 டிகிரி போலத்தான் குளிரும். மேகமாகும்போது வெளிப்படும் வெப்பம் குளிர்ச்சியைத் தடுக்கிறது. நீரை அங்கேயே இழந்து இந்தப் பக்கம் இறங்கும்போதோ கிலோமீட்டருக்கு 10 டிகிரி சூடேறும். ஆக, அதே 1,000 மீட்டருக்கு வரும்போது 6 டிகிரி வரை கூடுதல் சூடு. மேலைக்காற்று அடிக்க, வெப்பம் ஏறி ஈரப்பதம் சட்டென்று சரிந்தால் அது இந்தக் காற்றுதான். நாற்றங்காலுக்கு உடனே தண்ணீர் காட்ட வேண்டும்.

இரவில் சரிவோடு வழியும் குளிர்காற்று இதற்கு நேர்மாறு: வெப்பம் இறங்கும், ஈரப்பதம் ஏறும். இங்கேதான் கருவி கோட்டை விடுகிறது. விநாடிக்கு 1 மீட்டருக்குக் கீழ் கிண்ணங்கள் சுற்றுவதே சந்தேகம். பள்ளத்தில் உறைபனி விழும் மார்கழி இரவிலும் திரை காற்றின் வேகம் பூஜ்ஜியம் என்றே காட்டும். ஓர் ஊதுபத்திப் புகை இதைவிட நன்றாகச் சொல்லிவிடும்.

பொருத்துவதில்தான் பாதிக் காசு வீணாகிறது. தடை எதுவானாலும் அதன் உயரத்தைப்போல் 10 மடங்கு தள்ளி, 10 மீட்டர் உயரத்தில் காற்றுமானி இருக்க வேண்டும் என்பது விதி. 20 மீட்டர் சில்வர் ஓக் நிற்கும் தேயிலைத் தோட்டத்தில் 200 மீட்டர் தள்ளுவதற்கு இடம் ஏது? திறந்த மேட்டில் ஜிஐ பைப் நட்டு மூன்று பக்கமும் ஸ்டே கம்பி கட்டுவதே வழி. பைப் ஆடினால் மழைமானியின் சாய்தொட்டியும் (நிரம்பியதும் சாய்ந்து மழையை எண்ணும் சிறு தொட்டி) ஆடி, பெய்யாத மழையைக் கணக்கில் சேர்க்கும். தவிர, காற்றுமானிக்கு உயரம் வேண்டும், மழைமானிக்குத் தரை வேண்டும். உயரத்தில் சாய்ந்து வரும் மழை புனலுக்குள் சரியாக விழாது. மழைமானி தனியாக வரும் மாடலுக்குக் கூடக் கொடுக்கலாம்.

காற்றழுத்தம் 1,800 மீட்டரில் 815 ஹெக்டோபாஸ்கல் போலக் காட்டினால் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அந்த உயரத்துக்கு அதுதான் சரி. கடல்மட்ட அளவு வேண்டுமானால் அமைப்பில் உயரத்தைப் பதிய வேண்டும்.

பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் சராசரி வேகத்தை விட்டுவிட்டு உச்ச வீச்சைப் பாருங்கள். அதுவும் குறைந்தபட்ச அளவாக இருக்கலாம்: பல மாடல்கள் 16 விநாடிக்கு ஒருமுறைதான் தகவல் அனுப்புகின்றன, ஷீட்டைக் கிழிக்கும் வீச்சு மூன்றே விநாடியில் வந்து போய்விடும்.