ஸ்பைஸ் விடிஏஜென்ட் தானாகத் தொடங்காதபோது: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கியூஇஎம்யு, கேவிஎம் என்ற மென்பொருள்கள் வழியாக, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினிபோல் இயங்கும் லினக்ஸ் மெய்நிகர் கணினிகளைப் பல ஆண்டுகளாக அன்றாட வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றுக்குள் நிறுவப்படும் ஸ்பைஸ் விடிஏஜென்ட் என்ற துணை நிரல் இல்லையென்றால் அந்த வேலை தடுமாறிப் போகும். வெளியே நகலெடுத்த தமிழ்ப் பத்தியை உள்ளே ஒட்டுவதும், சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கியவுடன் உள்ளிருக்கும் திரை அதற்கேற்ப விரிவதும், கோப்பை இழுத்து உள்ளே விடுவதும் அதன் பொறுப்பு. ஓடத் தொடங்கிவிட்டால் இதில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கணினி தொடங்கும்போது அது தானாகத் தொடங்குமா என்பதுதான் இத்தனை ஆண்டுகளில் எனக்குத் திரும்பத் திரும்ப எழுந்த சிக்கல்.

இந்த நிரல் இரண்டு பகுதிகளாக இயங்குகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கடைசியில் 'டி' சேர்ந்த பெயருடைய விடிஏஜென்ட்டி, ரூட் (நிர்வாகி) உரிமையுடன் பின்னணியில் ஓடும் சேவை. வெளிக் கணினியுடன், இரண்டையும் இணைக்கும் விர்ட்ஐஓ என்ற வாய்க்கால் வழியே பேசுவது அதுவே. மற்றொன்று, பயனர் உள்நுழைந்த பிறகு அவருடைய டெஸ்க்டாப் அமர்வுக்குள் தொடங்க வேண்டிய விடிஏஜென்ட்; கிளிப்போர்டையும் திரை அளவையும் தொடுவது இந்த இரண்டாவது பகுதிதான். சேவைகளின் நிலையைக் காட்டும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் பார்த்தால் சேவை 'ஆக்டிவ்' என்று பச்சை நிறத்தில் தெரியும், ஆனால் ஒட்டும் வேலை நடக்காது. அந்தப் பச்சை நிறத்தை நம்பி நிரலை நீக்கி மீண்டும் நிறுவிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடங்காதது அமர்வுப் பகுதி என்பதால் அதனால் பயன் எதுவும் இல்லை.

ஆகவே நான் முதலில் டெர்மினலைத் திறந்து, விடிஏஜென்ட்டை '-எக்ஸ்' என்ற விருப்பத்துடன் கையால் இயக்கிப் பார்ப்பேன்; அப்போது அது பின்னணிக்குப் போகாமல் கண்முன்னே ஓடும். கிளிப்போர்டு உடனே வேலை செய்தால் நிரலும் வாய்க்காலும் சரியாக இருக்கின்றன, தொடக்க ஏற்பாட்டில்தான் பழுது என்று உறுதியாகிவிடும். வேலை செய்யாவிட்டால் 'டெவ்' அடைவுக்குள் விர்ட்ஐஓ-போர்ட்ஸ் என்ற அடைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் பழுது வெளியே இருக்கிறது. மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரில் அந்தக் கணினிக்கு ஸ்பைஸ் சேனலைச் (அந்த வாய்க்காலை) சேர்த்தால் போதும்.

எனக்கு நெடுநாள் தொல்லை கொடுத்தது பிளாஸ்மா டெஸ்க்டாப் இருந்த கணினி. கையால் இயக்கினால் ஓடியது, மறுதொடக்கத்துக்குப் பின் காணாமல் போனது. காரணம், உள்நுழைந்தவுடன் தொடங்க வேண்டிய நிரல்களைக் குறித்து வைக்கும் எக்ஸ்டிஜி ஆட்டோஸ்டார்ட் அடைவில் இருந்த சிறிய டெஸ்க்டாப் கோப்பில் கிடைத்தது. அதில் 'எக்ஸ்-க்னோம்-ஆட்டோஸ்டார்ட்-பேஸ்' என்று தொடங்கும் ஒரு வரி, இந்த நிரலைச் சாளர மேலாளருடன் ஒரே கட்டத்தில் தொடங்கச் சொல்கிறது. க்னோம் என்ற மற்றொரு டெஸ்க்டாப்பின் அமர்வு அந்தக் கட்டங்களை அறியும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், 2020இல் வந்த 246ஆம் பதிப்பு முதல், ஆட்டோஸ்டார்ட் கோப்புகளைச் சேவைகளாக மாற்றித் தரும் கருவியோ கட்டங்களை ஆதரிப்பதில்லை. அந்த வரி உள்ள கோப்பைத் தவிர்த்துவிடுகிறது. 2022இல் வெளியான பிளாஸ்மா 5.25 இந்தச் சிஸ்டம்டி வழித் தொடக்கத்தையே இயல்பாக்கியதால், அதுவரை ஒழுங்காக ஓடிய நிரல், யாரும் அதைத் தொடாமலே நின்றுபோனது. எந்தத் தரப்பும் தன்னளவில் தவறு செய்யவில்லை. ஒருவர் எழுதிய வரியை இன்னொருவர் படிப்பதில்லை, அவ்வளவே.

தீர்வு எளிது. அந்தக் கோப்பைப் பயனரின் கான்ஃபிக் அடைவுக்குள் இருக்கும் ஆட்டோஸ்டார்ட் அடைவுக்கு அதே பெயரில் நகலெடுத்து, நகலில் அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் பயனருடையதே செல்லுபடியாகும் என்பது, டெஸ்க்டாப்புகளுக்குப் பொதுவான எக்ஸ்டிஜி விதி. மூலக் கோப்பையே திருத்தலாம்தான், ஆனால் அடுத்த மேம்படுத்தலில் அந்தத் திருத்தம் அழிந்துபோக வாய்ப்புண்டு. பிளாஸ்மாவின் சிஸ்டம்டி தொடக்கத்தையே அணைத்துவிடும் வழியும் இருக்கிறது. ஒரு துணை நிரலுக்காக முழு அமர்வின் தொடக்க முறையை மாற்றுவதை நான் விரும்பவில்லை.

ஐ3 போன்ற எளிய சாளர மேலாளர்களில் கதை வேறு. அவை ஆட்டோஸ்டார்ட் அடைவைத் தாமாகப் படிப்பதில்லை என்பதால், அமைவுக் கோப்பில் விடிஏஜென்ட்டை இயக்கும் ஒரு வரியை நாமே எழுதிவிட வேண்டும்.

நிரல் ஓடியும் ஒட்டுதல் நடக்காத நிலையும் உண்டு. பின்னணிச் சேவை, உள்நுழைவுகளைக் கவனிக்கும் லாகின்டி எந்த அமர்வைச் செயலில் உள்ளதாகக் காட்டுகிறதோ அதற்கு மட்டுமே ஊழியம் செய்யும். ஒரே கணினியில் இரண்டு பயனர்கள் உள்நுழைந்திருந்தால் பின்னால் இருப்பவருக்குக் கிளிப்போர்டு கிடைக்காது. திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலண்ட் அமர்விலும் இதே ஏமாற்றம் நேரலாம். அமர்வுப் பகுதி அதற்கு முந்தைய முறையான எக்ஸ்11ஐ நம்பி எழுதப்பட்டது. ஆகவே ஓடும் நிரல்களின் பட்டியலில் அதன் பெயர் தெரிந்தாலும் எல்லா வசதிகளும் கிடைத்துவிடுவதில்லை. 2024இல் வந்த பிளாஸ்மா 6 வேலண்டை இயல்பு அமர்வாக்கிவிட்டதால், ஓயாமல் நகலெடுத்து ஒட்ட வேண்டிய கணினிகளில் உள்நுழையும் திரையில் எக்ஸ்11 அமர்வையே இன்றும் தேர்ந்தெடுக்கிறேன்.