பெயர்ப் பொருத்தம் இல்லாத நல்ல கருவி: கிம்ப் 3.0

எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்துக்குத் துண்டறிக்கைகளும் சுவரொட்டிகளும் வடிவமைக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகப் படங்களைத் திருத்த உதவும் கிம்ப் (GIMP) மென்பொருளில்தான் செய்துவருகிறேன். 2018 ஏப்ரலில் 2.10 பதிப்பு வந்தபின் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வெளியானது. காத்திருந்தது வீண்போகவில்லை.

சுவரொட்டி வேலையில் தலைப்பு எழுத்துகளுக்கு வெளிக்கோடு இடுவது அன்றாடத் தேவை. 3.0 பதிப்பில் எழுத்துக் கருவியிலேயே வெளிக்கோட்டின் நிறத்தையும் தடிமனையும் தேர்ந்துகொள்ளலாம். 'புத்தகக் கண்காட்சி' என்று எழுதி, கோடிட்டு, எல்லாம் முடிந்தபின் ஒற்று விட்டுப்போனது கண்ணில் பட்டால், அந்தக் 'க்' எழுத்தை மட்டும் தட்டச்சு செய்தால் போதும்; கோடு தானாக அதைச் சுற்றிக்கொள்கிறது. யுனிகோடு எழுத்துருவில் கொம்பும் காலும் உரிய இடத்திலேயே நிற்கின்றன. நிழல், மங்கல் போன்ற விளைவுகளும் இனிப் படத்தோடு கரைந்துவிடாமல் அடுக்கின்மேல் தனியே நிற்பதால், மறுநாள் திறந்து அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம். அச்சகம் கேட்கும் நான்கு நிற முறையில் நேரடியாக வேலை செய்ய மட்டும் இன்னும் வழியில்லை. ஏற்றுமதி செய்யும்போதுதான் அதற்கு மாற்ற முடியும்.

இவ்வளவு நல்ல கருவியைப் பிறருக்குப் பரிந்துரைக்கும்போது எனக்கு உறுத்துவது அதன் பெயர்தான். தமிழ்க் காதுக்குக் 'கிம்ப்' வெறும் ஓசை. ஆங்கிலம் பேசுவோருக்கோ அது காலில் குறைபாடுள்ளவரை இழித்துச் சொல்லும் சொல். 'நொண்டி' என்று ஒருவரை முகத்துக்கு நேரே அழைப்பதற்கு ஈடானது. அதற்குப் பாலியல் சார்ந்த கொச்சைப் பொருளும் உண்டு. துணியின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் முறுக்கு நாடாவுக்கும் அதே பெயர்தான் என்றாலும், காதில் முதலில் விழுவது வசைதான். சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை அமர்ந்திருக்கும் வகுப்பில், ஆங்கில ஆசிரியர் ஒருவர் இந்தப் பெயரை எப்படி உரக்கச் சொல்வார்?

1995இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் இதைத் தொடங்கினார்கள். படத்தைக் கையாளும் நிரல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் மட்டும் சேர்ந்தால் 'இம்ப்' என்று வரும். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு திரைப்படத்திலிருந்து இந்தச் சொல் நினைவுக்கு வந்தது. முன்னால் சேர்ந்த 'ஜி'க்கு விரிவு அதன் பிறகே கிடைத்தது. முதலில் 'ஜெனரல்' என்றும் பின்னர் 'குனூ' (கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றின் பெயர்) என்றும் அந்த விரிவு மட்டும் மாறியது. சுருக்கம் அப்படியே தங்கிவிட்டது. யாரையும் புண்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்ததாக நான் கருதவில்லை. ஆனால் சொல்பவர் எண்ணாத பொருளும் கேட்பவரைச் சுடத்தான் செய்யும்.

பெயரை மாற்றும்படி பலர் கேட்டும், நெடுங்காலம் பழகிய பெயர் என்று திட்டக்குழு மறுத்துவிட்டது. 2019இல் சிலர் இதே நிரலை எடுத்துக் 'கிளிம்ப்ஸ்' என்று வேறு பெயரில் வெளியிட்டார்கள். கைகொடுக்க ஆள் போதாமல் 2021இல் அது நின்றுபோயிற்று. பழமையைக் காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கணிதச் சான்றுகளைச் சரிபார்க்கும் பிரெஞ்சு மென்பொருள் ஒன்று 1990களின் தொடக்கத்திலிருந்தே 'காக்' என வழங்கிவந்தது. பிரெஞ்சில் அது சேவல். ஆங்கிலக் காதுக்கு ஆண்குறியைக் குறிக்கும் கொச்சைச் சொல். அதைப் பயன்படுத்தும் ஆய்வாளர்களுக்கு நேர்ந்த சங்கடங்களைக் கேட்டறிந்த குழு, கிம்ப் 3.0 வெளியான அதே மார்ச் மாதத்தில், 'ராக்' என்ற புதிய பெயரில் 9.0 பதிப்பை வெளியிட்டது. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விடுத்து 'மாற்றுத்திறனாளி' என்பதை அரசுத் துறையின் பெயரிலேயே ஏற்றுக்கொண்ட நமக்கு, இது எட்டாத காரியமாகத் தோன்றாது.

விலையில்லாமல் கிடைக்கும் இந்தக் கருவியைத் தயங்காமல் நிறுவிக்கொள்ளுங்கள். எங்கள் நூலகக் கணினித் திரையில் அந்தப் படக்குறியின் கீழே 'படத் திருத்தி' என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறேன். அங்கே பழக வரும் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.