ஹட்டன் டவுனும் தோட்டத்து லயமும்: கொரோனாக் காலப் படிப்பு

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதும், இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் வைஃபை உள்ள வீட்டுப் பிள்ளை சூம் வகுப்பில் உட்கார்ந்தது. சந்தேகத்தை அப்போதே கேட்டது. தேயிலைத் தோட்டத்தில் அப்படியில்லை. லயத்து வீட்டில், அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டில், ஒரே போன். அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோனால் வாட்ஸ்அப்பில் வந்த பாடம் இரவில்தான் கைக்கு வரும். அண்ணனுக்குச் சாதாரண தரப் பரீட்சை என்றால் தங்கச்சியின் பாடம் அப்படியே நிற்கும். சிக்னல் தேடி மலையேறினால் மழை, அட்டைக்கடி.

தொலைக்காட்சிப் பாடம் இரு பக்கத்துக்கும் பொதுதான். ஆனால் அதனிடம் கேள்வி கேட்க முடியாதே! என்னைக் கேட்டால், பயிற்சித்தாளை லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுத்த ஆசிரியர்களே தோட்டத்தில் உண்மையான வகுப்பு நடத்தினார்கள். 2021 ஒக்டோபர் 21இல் 200க்குக் குறைந்த மாணவருள்ள ஆரம்பப் பாடசாலைகள் முதல் கட்டமாகத் திறந்தன. அந்த ஒருமுறை சிறிய தோட்டப் பாடசாலைகள் டவுனை முந்தின.