மக்காச்சோளக் கதிர்: தோலோடு வைப்பதா, உரித்து வைப்பதா? ஆவியா, தணலா?

பறித்த பிறகும் மக்காச்சோளக் கதிர் சுவாசித்துக்கொண்டே இருப்பதால், முத்துகளில் உள்ள சர்க்கரையில் ஒரு பகுதி செலவாகிறது. இன்னொரு பகுதி மாவுச்சத்தாக மாறிவிடுகிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சாதாரண இனிப்புச் சோளம் ஒரே நாளில் ஏறத்தாழப் பாதிச் சர்க்கரையை இழந்துவிடும். அதனால் வாங்கிய கதிரை மேசைமேல் போட்டுவைப்பதை ஒரு வழியாகவே நான் கருதவில்லை.

ஃப்ரிட்ஜில் வைப்பதென்றால், தோலோடு வைப்பதே மேல். பச்சைத்தோல் ஈரத்தைக் காப்பதால் இரண்டு மூன்று நாள் வரை முத்துகள் திரண்டே இருக்கும். உரித்த கதிரிலோ ஒவ்வொரு முத்தின் தலையிலும் சிறு குழி விழத் தொடங்கும். இடம் போதாவிட்டால் வெளித்தோலை மட்டும் நீக்கி, உள்ளே இரண்டு அடுக்கை விட்டுவைக்கலாம். அதற்கு மேல் நாள் ஆகுமென்றால் ஃப்ரீசர்தான். ஆனால் பச்சையாக உள்ளே தள்ளினால் நொதிகள் மெல்ல வேலை செய்து சுவையைக் கெடுக்கும். முழுக் கதிரை அதன் பருமனுக்கேற்ப 7 முதல் 11 நிமிடம் வரை கொதிநீரில் போட்டெடுத்து, ஐஸ் தண்ணீரில் நடுத்தக்கை வரை ஆறவிட வேண்டும். இதைவிட, கதிரை 4 நிமிடம் கொதிநீரில் போட்டு ஆறவைத்து, முத்துகளை மட்டும் சீவி உறையவைப்பது எளிது, இடமும் மிச்சம்.

சமைப்பதில், இளம் இனிப்புச் சோளத்துக்கு இட்லிப் பானை ஆவியையே பரிந்துரைப்பேன். தண்ணீரில் நெடுநேரம் கொதித்தால் இனிப்பு நீரோடு கரைந்து போகும். குக்கரில் விசில்கள் கூடக் கூட முத்துகள் குழைந்து, கடிக்கும்போது வெடிக்கும் அந்தச் சுகம் போய்விடும்.

தணலில் சுடுவதற்கு நாட்டு மக்காச்சோளமே ஏற்றது. மாவுச்சத்து மிகுந்த அதன் முத்துகள் கரித்தணலில் அங்கங்கே கருகி, படபடவென வெடித்து, மெல்லுவதற்கு அழுத்தமாக இருக்கும். எலுமிச்சை மூடியில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு அதன்மேல் தேய்த்தால் அதற்கு இணையில்லை. நீர்ச்சத்து மிகுந்த இனிப்புச் சோளமோ அதே தணலில் சுருங்கிப்போகும். அதைச் சுட விரும்பினால் நனைத்த தோலோடு சுடலாம்.

எந்த வழி என்று தெரியாவிட்டால் ஒரு முத்தை நகத்தால் கீறிப் பாருங்கள்: பால் தெறித்தால் ஆவியில் வேகவையுங்கள், கெட்டி மாவாக ஒட்டினால் தணலில் சுடுங்கள்.