மண்டபத்து சர்வரும் காலை ஆறு மணி செய்தியும்: நான்கு வருட அனுபவம்

மண்டபத்தில் கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் சர்வரை நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். நான் இருப்பது ராமநாதபுரம் டவுனில். நடுவில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். டிஸ்க் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தினமும் உச்சிப்புளி தாண்டிப் போய்வர முடியாது. அதனால்தான் வீட்டிலிருந்தே கண்காணிக்க ஏற்பாடு செய்தேன். அதற்கு ஒரு முன்கதை உண்டு.

ரெய்டு என்றால் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு போகாமல் காப்பது. பழைய சர்வரில் அதற்கென்று தனி ஹார்டுவேர் ரெய்டு கார்டு, முறை ரெய்டு 5. ஒரு டிஸ்க் போனதும் கார்டு முறைப்படி கத்தியிருக்கிறது. பக்கத்திலேயே யூபிஎஸ் இருந்ததால் கணக்குப் பார்க்கும் அண்ணன் அதைத்தான் சந்தேகப்பட்டார். "பேட்டரி வீக்குன்னு நெனச்சேன் தம்பி. சத்தம் தாங்கல, சாக்கைப் போட்டு மூடிட்டேன்" என்றார். இரண்டு வாரம் சாக்குக்குள் கத்தியபடியே இருந்திருக்கிறது. அப்புறம் இரண்டாவது டிஸ்க்கும் போனது. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போவதை மட்டும்தான் தாங்கும். நான்கு மாதப் பில்களைக் காகிதத்தைப் பார்த்துத் திரும்ப ஏற்றினார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எது கத்தினால் என்ன அர்த்தம் என்று நான்தான் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

புதிய பெட்டியில் லினக்ஸின் மென்பொருள் ரெய்டு. 4 டிபி (டெராபைட்) டிஸ்க் நான்கு, ரெய்டு 6. கிடைப்பது 8 டிபிதான், ஆனால் இரண்டு டிஸ்க் போனாலும் தரவு நிற்கும். கார்டு செத்தால் அதே மாடலைத் தேடி அலைகிற வேலையும் இல்லை, டிஸ்க்குகளை வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டிக்கொள்ளலாம்.

கண்காணிக்க இரண்டு நிரல்கள். ரெய்டு உடைந்தால் சொல்வது எம்டி-ஆடம் (mdadm). ஒவ்வொரு டிஸ்க்கின் உடம்பையும் பார்ப்பது ஸ்மார்ட்-டி (smartd). இரண்டிலும் மெயில் முகவரியை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு வாரம் கழித்து ஏதோ தோன்றி, எம்டி-ஆடமின் டெஸ்ட் வசதியை ஓட்டிப் பார்த்தேன். மெயில் வரவில்லை. அது சர்வருக்குள்ளேயே ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் மெயில் பெட்டியில் கிடந்தது. மெயில் வெளியே போக வேண்டிய வழியான 25ஆம் போர்ட்டை இணைய இணைப்பு தருகிறவர்கள் அடைத்திருந்தார்கள். 587ஆம் போர்ட் வழியாக வேறொரு மெயில் கணக்கு மூலம் அனுப்பும்படி மாற்றியதும் சரியானது.

சரியானது என்றுதான் நினைத்தேன். ஒன்றரை வருடம் கழித்து அந்த மெயில் கணக்கின் பாஸ்வேர்டை யாரோ மாற்றிவிட்டார்கள். நாற்பது நாள் எதுவும் வரவில்லை. நான் என்ன நினைத்தேன்? எல்லாம் நன்றாக இருக்கிறது என்று! பழுது வந்தால் மட்டும் பேசுகிற காவல்காரன் தூங்கினாலும் தெரியாது. அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு டெலிகிராமில் ஒரு வரி வரும்படி செய்திருக்கிறேன். நான்கு டிஸ்க்கும் சரியாக இருந்தால் நான்கு யு (U) எழுத்துகள், ஒன்று விழுந்தால் அந்த இடத்தில் அடிக்கோடு. இது தவிர, வெளியே வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர் ஒன்றுக்கு மணிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று மண்டபத்து சர்வர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வாடகை சர்வர் என்னைக் கூப்பிடும். முதலில் பத்து நிமிடம் தாமதித்தாலே கூப்பிடச் சொல்லியிருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ராத்திரித் தூக்கமே போச்சு. இப்போது மூன்று மணி நேரம் பொறுக்கும்.

அடுத்தது உப்பு. கடற்கரை ஊர் என்றால் இதை எழுதாமல் தீராது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்தான் ஸ்மார்ட் அட்டவணை. அதில் 5ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு எழுதும் சின்னத் துண்டுகள்), 197 படிக்கத் திணறும் செக்டர்கள். இவை கூடினால் டிஸ்க்கையே சந்தேகப்படலாம். 199 வேறு ரகம். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு சிதைந்து வருவதை எண்ணுவது அது. மூன்றாவது டிஸ்க்கில் இந்த 199 பூஜ்யத்திலிருந்து நாற்பதாகி, முந்நூறைத் தாண்டியது. ஒருநாள் ரெய்டு அந்த டிஸ்க்கை வெளியே தள்ளிவிட்டது. பதறிப்போய்ப் புது டிஸ்க் வாங்கி மாட்டினேன். பத்தே நாளில் புது டிஸ்க்கிலும் 199 ஏற ஆரம்பித்தது. அப்போதுதான் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன், முனையில் பச்சை பூத்திருந்தது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த அறையின் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். கேபிளை மாற்றியதும் எண்ணிக்கை நின்றது. பழைய டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டி நீண்ட சோதனை ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. டிஸ்க் வாங்கிய காசு வீண். இன்னொன்று, 199 ஏறினால் இறங்காது. ஆகவே எண்ணைப் பார்க்காமல், நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லி நிரலை மாற்றினேன்.

சர்வரில் ஓடும் லினக்ஸ் வகையான டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு தாண்டியதும் ரெய்டு முழுவதையும் சரிபார்க்கும் வேலை தானாகத் தொடங்கும். மீன் வரத்து உள்ள நாளில் விடிகாலைப் பில் போடும்போது சர்வர் இழுக்கிறது என்று புகார் வந்தது. சரிபார்ப்பின் வேக உச்சவரம்பை நொடிக்கு 200000 கிலோபைட்டிலிருந்து 50000 ஆக்கினேன். ஞாயிறு இரவு பத்தரை, பதினொன்று வரை நீள்கிறது, ஆனால் யாரும் முணுமுணுக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அலுவலகமும் ஓய்ந்திருக்கும். நீண்ட சோதனை, கேபிள் மாற்றுவது, வேண்டுமென்றே ஒரு டிஸ்க்கைப் பிடுங்கி அலர்ட் வருகிறதா என்று பார்ப்பது எல்லாம் அந்த நாட்களில்தான்.

காலைச் செய்தியைக் கணக்கு அண்ணன் போனுக்கும் போகவைத்தேன். அவருக்கு ரெய்டு பற்றி ஒன்றும் தெரியாது, நான்கு யு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். போன வாரம் ஆறு பத்துக்கு போன் அடித்தார். "தம்பி, இன்னும் வரலியே?" பார்த்தால் என் போனிலும் வரவில்லை. ஏசி மெக்கானிக் ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கி டிரில்லிங் மெஷினைச் சொருகிவிட்டு, அப்படியே போயிருக்கிறார்.